மடி நாய்களும் மாளிகைத் தரைகளும்

கி.பி. முதலாம் நூற்றாண்டின் இறுதியில் ரோமாபுரியில் வாழ்ந்த மார்ஷியல் என்னும் கவிஞர், சக்கரவர்த்தியையும் செல்வர்களையும் சமயத்துக்கு ஏற்றவாறு புகழ்ந்தும் பரிகசித்தும் குறுங்கவிதைகள் இயற்றிக் காலம் கழித்தவர். அவருடைய முதல் தொகுதியில், பூப்ளியஸ் என்ற கனவான் வளர்த்த இஸ்ஸா என்னும் சிறு பெண் நாயைப் பற்றி ஒரு பாடல் இருக்கிறது. அதன் அழகையும் கொஞ்சலையும் வர்ணித்துக்கொண்டே வரும் கவிஞர், நாயோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து பழகியவருக்கு அன்றி மற்றவர்க்குத் தோன்றாத ஒரு குணவிசேஷத்தை நடுவே எடுத்துச் சொல்கிறார். இரவில் எஜமானனுடைய கட்டிலிலேயே படுத்துறங்கும் அந்தப் பிராணி, உபாதை எவ்வளவு நெருக்கினாலும் மேல்விரிப்பில் ஒரு துளியும் சிந்தாமல், முன்னங்காலால் மெல்லத் தட்டி அவனை எழுப்பி, கீழே இறக்கிவிடும்படி வேண்டிக்கொள்ளுமாம். எல்லாரிடத்திலும் காணப்படும் குணத்தை எந்தக் கவிஞரும் பெரும் புகழாகப் பாடுவதில்லை. ஆகவே ரோமாபுரியின் ஏனைய மடி நாய்கள் விரிப்பை நனைத்துக்கொண்டுதான் இருந்தன என்று நாம் அனுமானிப்பது பிழையாகாது.

வளர்ந்து முதிர்ந்த சிறு நாய் வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழிக்கும் உபத்திரவம், இன்று மிருக வைத்தியர்களிடம் வருவோர் அடிக்கடி சொல்லிக்கொள்ளும் குறைகளுள் ஒன்று. இது ஏதோ இக்காலத்து அடுக்குமாடி வீடுகளில் பிறந்த வியாதி என்று எண்ணுகிறவர்கள் உண்டு. சரித்திரத்தைப் புரட்டினால் நாயின் வழக்கம் இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பெரிதும் மாறாமலே இருந்து வந்திருப்பதும், மாறியவை தரையும் அதைத் துடைக்கும் கையுமே என்பதும் புலனாகும். பூப்ளியஸின் வீட்டில் தரை கல் பதித்தது, துடைப்பவன் அடிமை. நீர் உறிஞ்சாத தரையும் கூலி கேட்காத ஆளும் இருந்த இடத்தில் இது ஒரு பிரச்சினையாகத் தலையெடுக்கவே இல்லை; ஒரு நாய் மட்டும் அவ்வாறு செய்யாதிருந்தது கவிதைக்குப் பொருளாயிற்று, அவ்வளவே.

பதினாறாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் நிலைமை இன்னும் விசித்திரமானது. இராஸ்மஸ் என்ற மகாபண்டிதர், கார்டினல் உல்ஸியின் வைத்தியருக்கு எழுதிய கடிதம் ஒன்றில் ஆங்கிலேயர் வீட்டுத் தரைகளைப் பற்றி முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுதுகிறார். களிமண் தரையின்மேல் கோரைப்புல்லைப் பரப்புவார்களாம். மேற்புல்லை எப்போதாவது மாற்றினாலும் அடிப்புல் இருபது ஆண்டுகள்கூட அப்படியே கிடக்குமாம். அதற்கடியில் எச்சில், வாந்தி, சிந்திய மது, மீன் துண்டுகள் ஆகியவற்றோடு நாய்களின் சிறுநீரும் மனிதர்களின் சிறுநீரும் ஒன்றாகக் கலந்து மக்கிக்கொண்டிருக்குமாம். மனிதனையும் நாயையும் ஒரே வாக்கியத்தில், ஒரே குற்றத்துக்காக, யாதொரு தாரதம்மியமும் பாராட்டாமல் அவர் நிறுத்தியிருக்கும் நேர்மையை நான் மிகவும் ரசிப்பதுண்டு. அத்தகைய தரையில் நாய் எதைச் செய்தாலும் யார் கண்டுகொள்ளப் போகிறார்கள்? அதே நூற்றாண்டில், 1570-ல், ஜான் கேயஸ் என்னும் வைத்தியர் இங்கிலாந்தின் நாய்களை வகைப்படுத்தி லத்தீனில் ஒரு சிறு நூல் எழுதினார். சீமாட்டிகள் மடியில் வைத்துச் சீராட்டும் சிறு நாய்களை அதில் அவர் தனி வகையாகப் பிரித்து, மார்போடு அணைத்துக்கொண்டால் வயிற்று நோவுக்கு அவை இதமாக இருக்கும் என்று வைத்திய முறையில் ஒரு பிரயோஜனமும் கண்டுபிடித்துச் சொன்னார்.

இந்த வரலாற்றின் மிகச் சுவையான அதிகாரம் 1660-ஆம் ஆண்டில் லண்டனில் நடந்தது. சாமுவேல் பெப்பிஸ் என்ற அரசாங்க குமாஸ்தா, பிற்காலத்தில் கடற்படை நிர்வாகத்தில் பெரும் பதவி வகித்தவர், அவ்வாண்டின் தொடக்கத்திலிருந்து சுருக்கெழுத்தில் அந்தரங்கமான ஒரு நாட்குறிப்பு எழுதி வந்தார். அவருடைய மனைவி எலிஸபெத்துக்கு அவளுடைய சகோதரன் ஒரு நாயைப் பரிசாகக் கொடுத்திருந்தான். பிப்ரவரி மாதம் 12-ஆம் தேதி இரவு, அந்த நாய் இனி ஒரு முறை வீட்டுக்குள் சிறுநீர் கழித்தால் அதை ஜன்னல் வழியாக எறிந்துவிடுவேன் என்று பெப்பிஸ் சொல்ல, தம்பதிகளுக்குள் கடும் வாக்குவாதம் மூண்டதாக அவரே எழுதி வைத்திருக்கிறார். நவம்பர் 6-ஆம் தேதி மறுபடியும் சண்டை. வீட்டை அசுத்தம் செய்வதால் நாயை நிலவறையில் அடைக்க வேண்டும் என்பது கணவனுடைய கட்சி. கூடாது என்பது மனைவியின் கட்சி. தம் இஷ்டப்படியே செய்துவிட்டுப் படுக்கைக்குப் போன பெப்பிஸ், இரவு முழுவதும் மனைவியோடு பிணக்கிலேயே கிடந்ததையும், அவள் இறந்துபோனதாகக் கெட்ட கனவு கண்டு தூக்கம் கெட்டதையும் ஒளிக்காமல் குறித்திருக்கிறார். சிறு நாயின் காரணமாகக் குடும்பத்தில் விளைந்த மனஸ்தாபத்தைப் பற்றி இவ்வளவு உண்மையாக எழுதப்பட்ட பழைய ஆவணம் வேறொன்றை நான் அறியேன்.

இந்த இரண்டு சண்டைகளுக்கும் இடையில், அதே ஆண்டு மே மாதம் 25-ஆம் தேதி, இன்னொரு நாயைப் பற்றியும் ஒரு குறிப்பு வருகிறது. அந்நிய தேசத்தில் பல ஆண்டு அலைந்து திரிந்த இரண்டாம் சார்லஸ் மன்னர் டோவர் துறையில் கரையிறங்கிய தினம் அது. மன்னரின் பிரியத்துக்குரிய நாய் ஒன்றும், அரண்மனைச் சேவகன் ஒருவனும், பெப்பிஸும் ஒரு படகில் சேர்ந்து கரைக்குப் போனார்கள். போகும் வழியில் நாய் படகுக்குள் மலம் கழித்துவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள், மன்னரும் அவரைச் சேர்ந்தவைகளும் நம்மைப் போன்றவர்களே அல்லவா என்று பெப்பிஸ் தத்துவ விசாரத்தில் இறங்கிவிட்டார்! சொந்த வீட்டில் ஜன்னல் வழியாக எறியத் தூண்டியதைப் போன்ற செயல், ராஜாங்கப் படகில் அவருக்கு வேடிக்கையாகவும் வேதாந்தமாகவும் தோன்றியதற்குக் காரணம் அந்தஸ்து மாத்திரம் அன்று. படகை அலம்ப மாலுமிகள் இருந்தார்கள். வீட்டுத் தரையைத் துடைத்தது யார் என்று அவர் எழுதவில்லை. ஜேன் என்ற ஓர் இளம் பணிப்பெண் அந்தச் சிறு குடும்பத்தில் வேலை பார்த்தாள் என்பது மட்டும் அதே நாட்குறிப்பால் தெரிகிறது. அரைகுறை வசதியுள்ள நடுத்தரக் குடும்பத்துக்கே இந்த விஷயம் பெரும் துன்பமாக இருக்கிறது என்பதை அன்று முதல் இன்று வரை காண்கிறோம்.

மன்னருடைய அரண்மனையிலோ துன்பப்பட்டவர்கள் வாய் திறக்கவில்லை. சார்லஸ் தம்முடைய ஸ்பானியல் நாய்களைப் பள்ளியறைக்குள்ளேயே படுக்கவிட்டு, அங்கேயே குட்டி போடவும் பாலூட்டவும் அனுமதித்ததால் அறை சகிக்க முடியாத நாற்றம் அடைந்ததென்றும், ராஜசபை முழுவதுமே அசுத்தமாகிவிட்டதென்றும், ஜான் எவெலின் என்ற கனவான் தம் நாட்குறிப்பில் எழுதுகிறார். அதையும் அவர் எழுதியது 1685-ல், மன்னர் காலமான சமயத்தில்தான்!

பிரஷ்ய தேசத்து மகா பிரெடரிக் மன்னர் இதை மற்றோர் எல்லைக்குக் கொண்டுபோனார். போட்ஸ்டாமில் அவர் கட்டிய ஸான்ஸூஸி மாளிகையில், மெல்லிய உடலும் சிறிய உருவமும் கொண்ட இத்தாலிய வேட்டை நாய்கள் நாற்காலிகளிலும் சோபாக்களிலும் தங்கள் சித்தம்போல் ஏறிக் கிடந்தன. பட்டு உறைகள் கிழிந்தும் கறைபட்டும் போயின. மன்னர் அதைப் பொருட்படுத்தவில்லை. அந்த நாய்களைக் கவனிப்பதற்கென்று நியமிக்கப்பட்ட சேவகன் அவற்றை மரியாதைப் பன்மையில் அழைத்துப் பேசுவான் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை மெய்யோ பொய்யோ, துடைக்கும் துணியைக் கையில் பிடித்திருந்தவனுக்கும் நாய்க்கும் இடையே இருந்த அந்தஸ்து வேற்றுமையை அது சரியாகவே காட்டுகிறது. 1786-ல் காலமான மன்னர் தம்மை நாய்களின் சமாதிகளுக்கு அருகிலேயே அடக்கம் செய்யுமாறு எழுதி வைத்திருந்தும், பல இடம் மாறிய அவருடைய சவப்பெட்டி 1991-ல்தான் அங்கு வந்து சேர்ந்தது.

சீனத்தின் பேரரசி ட்ஸூ ஷியின் பீகினீஸ் நாய்களுக்குச் சலவைக்கல் தரையிட்ட தனி மண்டபமும், பணிவிடைக்கு அரண்மனை அலிகளும் இருந்தார்கள் என்று, 1903-ல் பேரரசியின் சித்திரத்தைத் தீட்டச் சென்ற காதரின் கார்ல் என்ற அமெரிக்கப் பெண்மணி எழுதியிருக்கிறார். ரோமாபுரியின் தீர்வும் பீக்கிங்கின் தீர்வும் ஒன்றேதான்: நீர் உறிஞ்சாத கல்லும், மறுத்துப் பேசாத ஆளும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மடி நாய் பிரபுக்களின் மாளிகையிலிருந்து இறங்கி, வியாபாரிகளும் உத்தியோகஸ்தர்களும் வாழ்ந்த வீடுகளின் வரவேற்பறைக்கு வந்து சேர்ந்தது. அந்த அறையின் தரையில் கம்பளம் விரித்திருந்தது. குடும்பத்தின் கௌரவமே அக்கம்பளத்தில் அடங்கியிருந்தபடியால் நாயின் ஈரம் எங்கும் குற்றம் என்ற பெயரைப் பெற்றது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே காலத்தில் லண்டன் தெருக்களில் நாயின் மலத்தைப் பொறுக்கி விற்பதையே ஜீவனோபாயமாகக் கொண்ட ஏழைகள் இருந்தார்கள். பெர்மண்ட்ஸி பகுதியின் தோல் பதனிடும் பட்டறைகள் அதை ஒரு வாளி 8 பென்னி, 10 பென்னி என்று விலை கொடுத்து வாங்கியதை ஹென்றி மேஹ்யூ 1851-ல் விவரமாகப் பதிவு செய்திருக்கிறார். வாசலுக்கு வெளியே சரக்கு, வாசலுக்கு உள்ளே குற்றம்!

முதல் மகா யுத்தத்துக்குப் பின் மேனாடுகளில் வீட்டு வேலைக்கு ஆள் கிடைப்பது அரிதாகத் தொடங்கி, இரண்டாம் யுத்தத்துக்குப் பின் அநேகமாக நின்றே போயிற்று. அதே வேளையில், அமெரிக்காவின் ஜார்ஜியா மாகாணத்து டால்டன் என்ற ஊரில் இயந்திரங்கள் மலிவான கம்பளங்களை மைல் கணக்கில் தைத்துத் தள்ளவே, சுவருக்குச் சுவர் கம்பளம் ஒட்டிய வீடுகள் எங்கும் பெருகின. துடைப்பவர் போனார், துடைக்க முடியாத தரை வந்தது. சிறுநீர் கம்பளத்தையும் அதன் அடிமெத்தையையும் ஊடுருவி உள்ளே தங்க, மேலே மணக்கும் திரவத்தால் துடைத்த இல்லத்தரசிக்கு நாற்றம் போய்விட்டதாகத் தோன்றினாலும் நாயின் மூக்கு ஏமாறவில்லை. அம்மோனியா கலந்த திரவங்களைப் பயன்படுத்தியவர்கள் இன்னும் பரிதாபத்துக்குரியவர்கள். சிறுநீரின் வாசனையில் அம்மோனியாவும் கலந்திருப்பதால், இதுவே உன் இடம் என்று நாய்க்கு அவர்களே அடையாளம் வைத்துக் கொடுத்தார்கள்.

இந்தக் காலத்தில்தான், நாயின் மூக்கை அதன் ஈரத்திலேயே தேய்ப்பது, பத்திரிகையைச் சுருட்டி அடிப்பது முதலிய தண்டனைகள் சாஸ்திரோக்தமானவை போல் வீட்டுக்கு வீடு பரவின. வேலையிலிருந்து மாலையில் திரும்பிய எஜமானன், காலையில் நடந்த குற்றத்துக்குத் தண்டனை கொடுப்பான். நாய் காதைத் தாழ்த்தி, வாலை இடுக்கிக்கொண்டு பதுங்கும். தான் செய்த தவறு அதற்குத் தெரிந்திருக்கிறது பாருங்கள் என்று அவன் சொல்லுவான். ஜெர்மனியில் போலீஸ் நாய்களைப் பழக்கிய கான்ராட் மோஸ்ட், 1910-ல் எழுதிய நூலிலேயே, நாய்க்கு மனிதனுடைய தர்ம நியாயங்களைப் பற்றிய அறிவு கிடையாதென்றும், செயலும் அதன் பலனும் அடுத்தடுத்த கணத்தில் சேர்ந்தாலொழிய அது எதையும் கற்காதென்றும் விளக்கியிருந்தார். அவர் ஒன்றும் மெல்லிய மனம் படைத்தவர் அல்லர்; அடியிலும் நம்பிக்கை உடையவரே. எனினும் அவர் சொன்ன இந்தப் பகுதியை எவரும் காதில் வாங்கவில்லை. ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 2009-ல், அலெக்ஸாண்ட்ரா ஹாரோவிட்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் 14 நாய்களை வைத்துப் பரிசோதித்து, நாயின் அந்தக் குற்றப் பார்வை அது தவறு செய்ததைப் பொறுத்து வருவதில்லை, எஜமானன் அதட்டுவதைப் பொறுத்தே வருகிறது என்று நிரூபித்த பிறகும், சுருட்டிய பத்திரிகைகள் முற்றிலும் ஓய்ந்துவிட்டதாகச் சொல்வதற்கில்லை.

உண்மையான அறிவு வேறொரு திசையிலிருந்து வந்தது. அமெரிக்காவின் மெயின் மாகாணத்தில் பார் ஹார்பர் என்ற கடற்கரை ஊரில், ஜான் பால் ஸ்காட், ஜான் புல்லர் என்னும் இருவர் ஐந்து ஜாதி நாய்களின் குட்டிகளைப் பிறந்த நாள் முதலாகப் பல்லாண்டு கவனித்து, 1965-ல் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். முதல் சில வாரங்கள் தாயே குட்டிகளை நக்கிச் சிறுநீர் கழிக்கச் செய்து, அதைத் தானே உட்கொண்டு படுக்கையைச் சுத்தமாக வைக்கிறது. மூன்றாவது வாரத்தில் குட்டி தானாகவே படுக்கையை விட்டுத் தள்ளாடி வெளியே போய் நீர் கழிக்கத் தொடங்குகிறது. எட்டு ஒன்பது வாரங்களில் தனக்கென்று ஓர் இடத்தை ஏற்படுத்திக்கொள்கிறது. சுத்தம் என்பது நாயின் ஸ்வபாவத்திலேயே இருக்கிறது. படுக்கும் இடத்துக்கு அப்பால் போக வேண்டும் என்பதே அதன் நியதி. சங்கடம் அந்த ‘அப்பால்’ எங்கே தொடங்குகிறது என்பதில் இருக்கிறது. மூன்று கிலோ எடையுள்ள ஒரு பிராணிக்கு, நான்கு அறை கொண்ட வீடு ஒரு சிறு ராஜ்யம். அதன் இருப்பிடம் சோபாவும் அதைச் சுற்றிய பத்தடியுமே. கோடியில் உள்ள விருந்தினர் அறை அதன் கணக்கில் ஊருக்கு வெளியே உள்ள பொட்டல். அங்கே போய் நீர் கழித்துவிட்டு வரும் நாய், தன் அறிவுக்கு எட்டிய வரையில், சகல மரியாதையோடும் நடந்துகொண்டிருக்கிறது.

அளவும் அதற்குத் துணை செய்கிறது. ஆரோக்கியமான நாய் ஒரு நாளில் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய 20 முதல் 40 மில்லி லிட்டர் சிறுநீர் கழிக்கும். மூன்று கிலோ நாய்க்கு நாள் முழுவதற்கும் 60 முதல் 120 மில்லி. அதையும் பல தடவைகளாகப் பிரித்தால் ஒரு வேளைக்குச் சில தேக்கரண்டிகள். அல்சேஷன் நாய் ஒரு முறை நனைத்தால் அன்றே வீடு அமளிப்படும், அன்றே பழக்கமும் தொடங்கும். சிறு நாயின் ஈரம் கம்பளத்தில் மறைந்து, கட்டில் மறைவில் உலர்ந்து, மாதக்கணக்கில் மன்னிக்கப்பட்டு, கடைசியில் ஒரு நாள் நாற்றமாக எழுந்து நிற்கும்போது, நாய்க்கு நான்கு வயதாகிவிட்டிருக்கும்.

வேறு சில நாய்களுக்கு அந்த இயல்பான சுத்தமே குட்டிப் பருவத்தில் பறிக்கப்பட்டிருக்கும். இரண்டாம் யுத்தத்துக்குப் பின் அமெரிக்காவின் மத்திய மாகாணங்களில், பயிர் நஷ்டத்துக்கு ஈடாக நாய்க்குட்டி உற்பத்தியில் இறங்கிய பண்ணைகள், கம்பிக் கூண்டுகளில் தாய்களை அடைத்து வைத்துக் குட்டிகளைக் கடைகளுக்கு அனுப்பின. படுத்த இடத்திலேயே நீர் கழிக்க நேர்ந்த குட்டி, படுக்கை வேறு, ஒதுக்கிடம் வேறு என்ற பேதத்தை மறந்துவிடுகிறது. கண்ணாடிப் பெட்டியில் அழகாக உட்கார்ந்திருக்கும் சிறு நாயை வாங்கி வந்தவர்கள், வளர்ந்த பிறகும் அது தன் மெத்தையையே நனைப்பதைக் கண்டு ஜாதிக் குணம் என்று தலையில் அடித்துக்கொள்வது வழக்கம். அது ஜாதியின் குற்றமன்று, கூண்டின் குற்றம்.

1970-களிலிருந்து மிருக வைத்தியக் கல்லூரிகள் இதை ஒழுக்கத்தின் விஷயமாக அல்லாமல் வைத்தியத்தின் விஷயமாக எடுத்துக்கொண்டன. கலிபோர்னியாவில் டேவிஸ் நகரத்துச் சர்வகலாசாலையைச் சேர்ந்த பெஞ்சமின் ஹார்ட்டும் அவருடைய சகாக்களும், வளர்ந்த ஆண் நாய்கள் 42-க்கு விதை நீக்கிய பின் ஏற்பட்ட மாறுதல்களை ஆராய்ந்து 1976-ல் வெளியிட்டார்கள். வீட்டை விட்டு ஊர் சுற்றும் வழக்கம் பெரும்பாலானவற்றிடம் குறைந்தது. வீட்டுக்குள் மூலைக்கு மூலை காலைத் தூக்கி எல்லை குறிக்கும் வழக்கமோ ஏறத்தாழப் பாதி நாய்களிடமே குறைந்தது. அறுவை செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பியிருந்தவர்களுக்கு இது ஏமாற்றமாக இருந்திருக்கலாம். ஆனால் எல்லை குறிப்பது வேறு, அடக்க முடியாமல் கசிவது வேறு, வந்தவரைக் கண்டு பயத்தாலோ பணிவாலோ நீர் விடுவது வேறு என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் இத்தகைய ஆராய்ச்சிகளால்தான் வேரூன்றியது. பல ஆண்டு சுத்தமாக இருந்த நாய் திடீரென்று வீட்டை நனைக்கத் தொடங்கினால், நீர்ப்பையில் அழற்சியோ கல்லோ, நீரிழிவோ, சிறுநீரகக் கோளாறோ இருக்கிறதா என்று முதலில் சிறுநீரைப் பரிசோதித்துப் பார்ப்பது இப்போது நல்ல வைத்தியரின் இலக்கணம். முதுமையில் நாய்க்கும் புத்தி தடுமாறி, வாசல் எது, அறை எது என்று மறந்துபோவதுண்டு. மனிதருடைய நடுக்குவாத நோய்க்குக் கொடுத்துவந்த செலிஜிலின் என்ற மருந்தை, அப்படிப்பட்ட நாய்களுக்குக் கொடுக்க 1998-ல் அமெரிக்க அரசாங்கம் அனுமதித்தது. நிலவறையில் அடைக்கப்பட்ட எத்தனை நாய்கள் உண்மையில் கல்லடைப்பால் துடித்துக்கொண்டிருந்தனவோ!

நோய் இல்லையென்று தெரிந்தபின் செய்ய வேண்டியது மிகப் பழையது. குட்டிக்குக் கற்பிப்பதை வளர்ந்த நாய்க்கு மீண்டும் முதலிலிருந்து கற்பிப்பது. உறங்கி எழுந்ததும், உண்டதும், விளையாடி முடிந்ததும் வெளியே அழைத்துப் போய், அது நீர் கழித்த அந்தக் கணத்திலேயே ஒரு தின்பண்டம் கொடுத்துத் தட்டிக்கொடுக்க வேண்டும். கண்பார்வையில் இல்லாத நேரத்தில் சிறிய இடத்தில் விட்டுவைக்க வேண்டும். நனைந்த இடத்தை அம்மோனியா இல்லாத, வாசனையின் மூலத்தையே சிதைக்கும் என்ஸைம் கலந்த திரவத்தால் கழுவ வேண்டும். நடந்து முடிந்ததற்காக அடிக்கலாகாது. பூப்ளியஸ் நடு இரவில் கண் விழித்து இஸ்ஸாவைக் கட்டிலிலிருந்து இறக்கிவிட்டான் அல்லவா? இந்தச் சிகிச்சையின் சாரம் அதற்குள்ளேயே இருக்கிறது; நாய் தட்டியபோது அவன் எழுந்தான்.

தமிழ்நாட்டில் நாய் வாசலோடு நின்ற ஜந்து. திண்ணைக்கும் தெருவுக்கும் இடையில் அதன் உலகம் முடிந்துபோனதால், இவ்விஷயத்தில் நம் முன்னோர்களுக்கு அனுபவமும் இல்லை, வேண்டியிருக்கவும் இல்லை. ஃபிளாட்டுகளின் மூன்றாவது மாடிக்கு வெள்ளைப் பொமரேனியன்கள் ஏறி வந்த பிறகுதான் நாமும் பெப்பிஸின் வரிசையில் போய்ச் சேர்ந்தோம். நல்ல வேளையாக நம் வீடுகளில் மொசைக்கும் டைல்ஸும் இருக்கின்றன. துடைப்பவள் வேலைக்காரியா வீட்டுக்காரியா என்பதைப் பொறுத்துச் சண்டையின் உக்கிரம் கூடியும் குறைந்தும் வருகிறது.

ஜப்பானியர் இதை முற்றிலும் வேறு விதமாகத் தீர்த்துக்கொண்டிருக்கிறார்கள். சிறு வீடுகளில் சிறு நாய்கள் நிறைந்த டோக்கியோவில், நாய் வீட்டுக்குள் சிறுநீர் கழிப்பது குற்றமே அன்று. அதற்கென்று ஒரு மூலையில் விரித்த தாளின்மேல் கழித்தால் போதும். குழந்தைகளின் டயப்பரிலும் பயன்படும், தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை உறிஞ்சும் தூளை நடுவில் வைத்துச் செய்த அந்தத் தாள்கள் கடைகளில் கட்டுக்கட்டாக விற்கின்றன. துடைக்கும் கையின் வேலையைத் தாளே எடுத்துக்கொண்டுவிட்டது. அங்கும் ஒரு புகார் இல்லாமல் இல்லை. நாய் முன்னங்கால்கள் இரண்டையும் தாளின்மேல் வைத்தவுடன் தன் கடமை முடிந்ததாக எண்ணிவிடுகிறது; பின்பகுதி வெளியே நிற்க, நீர் தரையில் விழுகிறது. நாயைத் திருத்துவதில் காலம் கடத்தாமல் கம்பெனிகள் ‘வைடு’ என்றும் ‘சூப்பர் வைடு’ என்றும் தாளை அகலப்படுத்திக்கொண்டே போகின்றன.